விலைக்கு வந்த கல்லெறிக்காரர்கள்

ஒரு காட்டில், செங்குத்தான பாறையின் மேல் ஒரு குரங்குக் கூட்டம் குடியிருந்தது. அதன் தலைவன் செம்பன். கீழே புதரில் ஒரு சிறுத்தை இருந்தது. அது பாறையில் ஏறும்போதெல்லாம் குரங்குகள் மேலிருந்து கல்லெறிந்து விரட்டும்.

ஒரு கோடையில் நோய் வந்து, குறி தவறாமல் எறியும் குரங்குகள் எல்லாம் செத்துப்போயின. செம்பனோடு மிஞ்சியவை தாய்க்குரங்குகளும் இளங்குரங்குகளும்தான். செம்பனின் மகள் மின்னியும் அந்த இளசுகளில் ஒருத்தி. அவள் கையில் நல்ல வேகம். ஆனால் பாதிக் கல் எங்கோ போய் விழும்.

"மழைக்காலம் வரை பழகினால் குறி படிந்துவிடும், அப்பா," என்றாள் மின்னி.

"அதுவரை சிறுத்தை சும்மா இருக்குமா?" என்றான் செம்பன். அவனுக்குப் பயம்.

பக்கத்து மலையில் கல்லெறிவதில் பேர்போன கிழட்டுக் குரங்குகள் மூன்று இருந்தன. செம்பன் நேரில் போய் அழைத்தான்.

"வருகிறோம். உங்கள் அத்திமரம் முழுக்க எங்களுக்கு," என்றான் மூத்தவன் கடுவன்.

கூட்டத்துக்கு இருந்த நல்ல மரம் அது ஒன்றுதான். செம்பன் சம்மதித்தான்.

அன்றுமுதல் இளசுகள் புளியங்கொழுந்தைத் தின்று வயிற்றைக் கழுவின. மின்னி கல்லை எடுத்தால், "வீணாக்காதே, கீழே போடு," என்று கடுவன் அதட்டுவான். மகளின் விலா எலும்பு தெரிவதைச் செம்பன் பார்த்தான். ஆனாலும் பழத்தைப் பறித்துக் கிழங்களுக்கே கொடுத்தான்.

ஐப்பசியில் சிறுத்தை ஏறி வந்தது. கடுவனின் முதல் கல் அதன் நெற்றியைப் பிளந்தது. சிறுத்தை சறுக்கியது, மறுபடி ஏறியது. நாலைந்து கல்லுக்குள் கடுவன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மற்ற இரண்டும் அத்திமரத்தின் உச்சிக்கு ஓடிவிட்டன.

"மின்னி, எறியம்மா," என்று கத்தினான் செம்பன்.

அவள் கல்லைத் தூக்கினாள். மெலிந்த கையில் வலுவில்லை. கல் அவள் காலடியிலேயே விழுந்தது. சிறுத்தை அவளைக் கவ்விக்கொண்டு இறங்கிப் போனது.

மறுநாள் கிழட்டுக் குரங்குகள் புறப்பட்டன.

"என் மகள் போய்விட்டாளே," என்றான் செம்பன்.

"மரத்தில் பழமும் தீர்ந்துவிட்டது," என்றான் கடுவன். திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

தாய்க்குரங்குகளும் குட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வேறு காடு தேடிப் போயின. யாரும் செம்பனைக் கூப்பிடவில்லை.

நீதி: வந்தவர்களுக்குத் தீனி போட்டு, வளரும் கையைப் பட்டினி போட்டால், ஆபத்தில் இரண்டும் உதவா.