இருநூறு பெரிதா, இரண்டு பெரிதா?

சட்டம் போடுவதென்றால் கோயில் கொடை விழாத் தலைவர் நல்லபெருமாளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பெரிய எஞ்சின் வண்டிகள் வாசலுக்கு வரக்கூடாது என்றார். நடக்க முடியாத கர்ப்பிணியை ஏற்றி வந்த ஆட்டோக்காரி முப்பிடாதியைத் தெருவில் கயிறு கட்டி மறித்தார்.

"ஒன் வண்டி எஞ்சின் இருநூறு சிசி. என் காரு எஞ்சின் வெறும் ரெண்டு லிட்டர். நீ திரும்பு!"

முப்பிடாதி அபிஷேகத்துக்கு வைத்திருந்த இருநூறு மில்லி பால் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

"அதிகப் பால் கொடுக்கிறவங்களுக்குத்தானே முதல் மரியாதை? நீங்க கொடுத்தது ரெண்டு லிட்டர், நான் கொடுக்கிறது இருநூறு. மாலை எனக்குத்தான்!"

"அறிவிருக்கா? ஒன்னது மில்லி! பத்து பாக்கெட் சேர்ந்தாத்தான் ரெண்டு லிட்டர்!"

"ஒரு மில்லியும் ஒரு சிசியும் ஒண்ணுதான் அண்ணாச்சி. என் ஆட்டோ ஒரு பாக்கெட்டு, உங்க காரு பத்து பாக்கெட்டு!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் தலைவரே கயிற்றை அவிழ்த்தார். ஆட்டோ வாசலுக்குப் போனது. அவர் போட்ட சட்டப்படி, வாசலில் நின்ற அவர் கார் ரிவர்ஸில் போனது.