பெயர் அழிந்த வால்வுகள்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம் ரெத்தினபாய்க்கு ஏழாம் வகுப்பில், கரும்பலகை முன்னால் நின்றபோது பிடித்தது. அந்த வருஷமே பள்ளிக்கூடத்தை விட்டாள். பயம் அவளை விடவில்லை. ஐம்பது தாண்டிய பிறகு, தக்கலையில் கண்ணாடிக் குழாய் வால்வு போட்ட பழைய பாட்டுச் செட்டுகளைப் பழுது பார்க்கும் சுவாமிதாஸிடம் தொழில் படிக்க வந்தபோதும் அது கூடவே வந்து உட்கார்ந்தது.

சுவாமிதாஸ் அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவள் அவரை ஆசானே என்று கூப்பிடுவாள். அவர் அவளை அக்கா என்பார்.

இரண்டு வருஷத்தில் ஈயம் பற்றவைக்கப் படித்துவிட்டாள். செப்புக் கம்பிக் காயில் சுற்றுவதில் ஆசானையே மிஞ்சிவிட்டாள். ஒன்று மட்டும் கைவரவில்லை. ஒரே செட்டில் இரண்டு ஜோடி வால்வுகளை மாற்றிப் போட்டு, எது எப்படிக் கேட்கிறது என்று சொல்ல வேண்டும்.

"பாக்காம கேளுங்க. கேட்டதைச் சொல்லுங்க" என்பார் ஆசான்.

அவளோ வால்வைத் தூக்கும் சாக்கில் கண்ணாடி மேல் அச்சடித்த பெயரைக் கள்ளப் பார்வை பார்த்துவிடுவாள். சீமைப் பெயர் என்றால், "நல்ல இனிமை ஆசானே." கேள்விப்படாத பெயர் என்றால், "கொஞ்சம் கரகரப்பு இருக்கு."

"நல்லா வாசிக்கீங்க அக்கா" என்று ஆசான் சிரிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மரிய அற்புதம் என்கிற பெரியவர் தன் செட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பாட்டுக்கு மேலே உறுமல் கேட்கிறதாம்.

"நாளைக்கு எனக்க வீட்டுக்காரி எலிசாவுக்க நினைவு நாள். அதுக்குள்ள வேணும்."

அவர் பஹ்ரைனில் வேலை பார்த்த காலத்தில், எலிசா கடிதம் எழுதுவதற்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவாளாம். மிஞ்சியது ஒரு கேசட். வருஷா வருஷம் நினைவு நாளில் அதை டேப்பில் ஓடவிட்டு இந்தச் செட் வழியாகக் கேட்பார். கேசட்டையும் வைத்துவிட்டு, நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

மத்தியானத்துக்குள் ஆசான் உறுமலை நிறுத்திவிட்டார். ரெத்தினபாய் பாடம் படிக்கட்டும் என்று பெரியவரின் இரண்டு வால்வுகளையும் கழற்றி, கடையிலிருந்த இன்னொரு ஜோடியையும் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

நாலிலும் தூசி. ரெத்தினபாய்க்குத் தூசி ஆகாது. ஈரத்துணியை எடுத்து நாலையும் ஜோடி கலையாமல் பளபளவென்று துடைத்து வரிசையாக வைத்தாள். அப்புறம்தான் பார்த்தாள். பழைய மை. பெயரெல்லாம் துணியோடு வந்துவிட்டது. எந்த ஜோடி பெரியவருடையது என்று இனித் தெரியாது.

ஆசான் கை துடைத்துக்கொண்டு வந்தார். அவள் துணியை நீட்டினாள்.

அவர் ஒவ்வொரு வால்வையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அந்தக் காலத்துல ஒரே கம்பெனியில செஞ்சு நாலு பேர்ல விப்பாங்க. உள்ள எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

"இப்ப என்ன செய்ய ஆசானே?"

"இனி வாசிக்க ஒண்ணுமில்ல. கேளுங்க."

முதல் ஜோடியைப் போட்டார். வால்வு சூடேறிச் சிவக்கும்வரை காத்திருந்து, கடை டேப்பைச் செட்டோடு இணைத்துக் கேசட்டை ஓடவிட்டார். எலிசா பேசினாள்.

"இங்க மழை இல்ல. ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"என்ன கேட்டுது?"

"நல்லா இருக்கேன்னு சொன்னாவ."

வால்வு ஆறட்டும் என்று இருந்து, இரண்டாவது ஜோடியைப் போட்டார். அதே மழை. அதே ஆடு. ரெத்தினபாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன கேட்டுது?"

"நல்லாத்தான்னு சொல்லதுக்கு முன்ன மூக்கை உறிஞ்சுதாவ ஆசானே. அழுதுட்டு வந்து பேசியிருக்காவ."

ஆசான் கேசட்டை நிறுத்தினார்.

"அப்ப இதுதான் நல்ல ஜோடி. அவருக்குள்ளதும் இதுதானே?"

"மணி நாலாகப் போகுது."

பெரியவர் வந்துவிட்டார். ஏதாவது ஒரு ஜோடியைப் போட்டுக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ரெத்தினபாய் நினைத்தாள். ஆனால் நாளைக்கு அந்தச் செட்டில் எலிசா வேறு யாராகவோ பேசினால்?

"மாமா, உங்க வால்வுல இருந்த எழுத்தை நான் துடைச்சுப் போட்டேன். எது உங்களுக்குள்ளதுன்னு தெரியல்ல."

"எழுத்தை நான் பாத்ததே இல்லியே பிள்ளே. போடு, கேக்கேன்."

முதல் ஜோடி. ஆட்டுக்குட்டி வந்ததும் பெரியவர் சிரித்தார். "ரெண்டும் கடா, பாலுக்கு ஆகாது. அதை மட்டும் சொல்லவே மாட்டா." நல்லாத்தான் இருக்கேன் என்றதும் தலையை ஆட்டினார்.

இரண்டாவது ஜோடி. ஆட்டுக்குட்டி வந்தபோது பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வரி முடிந்ததும் கையைத் தூக்கினார்.

"நிறுத்து."

கேசட்டை நோக்கி விரலை நீட்டினார்.

"இது யாரோ அழுதுட்டு இருக்கா. எனக்க எலிசா இல்ல. அவ நல்லா இருந்தா. முந்தினதைப் போடு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஆட்டோ கூப்பிட வெளியே போனார்.

ஆசான் முதல் ஜோடியைச் செட்டில் பொருத்தினார். ரெத்தினபாய் அவர் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"ஆசானே, அவரு அவருக்குள்ளதைத்தான் எடுத்தாரா? இல்ல, தாங்க முடியாததைத் தள்ளிட்டுப் போறாரா? நீங்க எத்தனை ஆயிரம் வால்வு கேட்டவரு. எது சரின்னு சொல்லுங்க."

"எலிசா அம்மா குரலை நான் கேட்டதில்லையே அக்கா."



ரெத்தினபாய் மற்ற ஜோடியை எடுத்தாள். ஆசான் பஞ்சுப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். இரண்டையும் பஞ்சில் சுற்றி, சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து மூடினாள். மேலே எழுதப் பேனாவை எடுத்தாள். எழுதவில்லை.

செட்டையும் கேசட்டையும் ஏற்றிக்கொண்டு வாசலில் ஆட்டோ கிளம்பப் போனது. ஓடிப்போய்ப் பெட்டியைப் பெரியவர் மடியில் வைத்தாள்.

"எதுக்கும் இருக்கட்டும் மாமா."