சிப்பித்துறைக்காரர்கள் வாங்கிய கம்பெனி செட்டு

இதை முதலில் எனக்குச் சொன்னது என் நாத்தனார் ரோசம்மாள், என் இரண்டாவது மகள் கல்யாணத்துக்கு முறுக்குப் பிழிந்த அன்றைக்கு. சிரித்ததில் ஒரு ஈடு கருகிப்போனது.

சிப்பித்துறையில் தொம்மை, இன்னாசி, சவேரியான் என்று மூன்று பேர். பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே செட்டு வைத்து ஊர் ஊராகப் பேசும் ஹாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கியவர்கள். எப்படிப் பாஸானார்கள் என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். குரலை எண்ணாக மாற்றி அனுப்பும் புது செட்டு வாங்கக் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். "இது பொது முறை. எப்படி வேலை செய்யுதுன்னு ஊருக்கே எழுதி வச்சிருக்கு, யாரும் செஞ்சு பேசலாம். இது கம்பெனி ரகசியம், இதே கம்பெனி செட்டு வச்சிருக்கவங்களோடதான் பேச முடியும். வேற முறைக்காரங்க பேசுறது உங்களுக்குப் புரியாது. நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க."

"ஊருக்கே தெரிஞ்சதுல என்ன பெருமை?" என்றார் மூவருக்கும் தலைவரான தொம்மை. கம்பெனி செட்டு இரண்டு வந்தது.

ஐப்பசியில் புயல். இன்னாசியின் தங்கை புருஷன் பெத்துரு கடலில். தங்கை திரேசா மெழுகுதிரி ஏற்றி முழங்காலில் இருந்தாள். மூவரும் செட்டில் கத்தினார்கள். பதிலே இல்லை.

"ஒருத்தனுக்கும் புரியலை பாத்தீரா? எவ்வளவு நல்ல ரகசியம்!" என்றார் தொம்மை.

அப்போது பக்கத்து ஊர் அருளப்பன் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவரிடம் இருப்பது பொது முறை செட்டு. "பெத்துரு பொழச்சிட்டாரு! எங்க செட்டுல சேதி வந்துச்சு. கரையேறி நடந்து வர்றாரு!"

இன்னாசி துள்ளினார். தொம்மை அவர் வாயைப் பொத்தினார். "சும்மா இரும் வே. அவர் பொது முறைக்காரர். அவர் பேசுறது நமக்குப் புரியாது."

"எனக்குப் புரிஞ்சுதே!"

"கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. புரிஞ்சதா வெளியில காட்டிக்காதீரும்."

சவேரியான் யோசித்தார். "நம்ம செட்டு ஒண்ணை அவர் கையில குடுப்போம். அதுல சொல்லட்டும்."

அருளப்பன் தலையில் அடித்துக்கொண்டு, செட்டை வாங்கி, நாலடி தள்ளி நின்று சொன்னதையே சொன்னார். மூவரும் இன்னொரு செட்டில் கேட்டுக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது முடிப்பதற்குள் இரண்டு பேட்டரியும் தீர்ந்தது.

நனைந்த கோழியாக வந்து நின்றார் பெத்துரு. "மச்சான், உயிர் போற பசி."

திரேசா சோற்றோடு ஓடி வந்தாள். "பொறும்மா," என்று மறித்தார் தொம்மை. "இவர் எந்த முறைக்காரர்?"

"ரேடியோவே கிடையாதே," என்றார் இன்னாசி.

"அப்போ சுத்தமாப் புரியாது."

செட்டைப் பெத்துருவின் கையில் கொடுத்தார்கள். அது செத்துக் கிடந்தது. புயலில் போன கரண்டும் வரவில்லை.

இன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சார்ஜ் ஏறுற வரைக்கும் நீங்க வந்து சேரலை மாப்பிள்ளை. அதுவரைக்கும் உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கோம்."

நீங்கள் அந்தப் பக்கம் போனால் சார்ஜ் ஏற்றிய பேட்டரி இரண்டு கொண்டுபோங்கள். பாவம், பெத்துரு வாசலிலேயே நிற்கிறார், சோறு ஆறுகிறது.