உருளாத கடுகு

மலையடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம். குருபூசைச் சமையலுக்குச் சரிவில் தானாக விளைந்த காட்டுக்கடுகை ஆட்டிய எண்ணெய்தான்.

மடத்தின் குரு மங்கையர்க்கரசிக்கு நாற்பது வயது. சீடர் சிவக்கொழுந்துக்கு அறுபத்திரண்டு. கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மண்ணில் முளைத்த எதற்கும் அவரிடம் இரண்டு பெயராவது இருக்கும். அந்த வருடம் கடுகு சேர்க்கும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பூசையன்று முந்நூறு பேர் இலை முன் உட்கார்ந்துவிட்டார்கள். புது எண்ணெயில் பொரித்த அப்பளம் ஒரு வரிசைக்குப் போய்விட்டது. தாளிப்புக்கு மிச்சக் கடுகை எடுக்க வந்த குரு, முறத்தை மெல்லச் சாய்த்தார். கடுகு உருண்டு ஓடியது. ஒரு கைப்பிடி மட்டும் உருளாமல் நின்றது.

ஒரு விதையை நகத்தின் மேல் வைத்துப் பார்த்தார். மேலெல்லாம் சொரசொரப்பு, ஒரு முனையில் கூர்.

“அடுப்பை அணைங்க. அப்பளத்தைத் திரும்ப எடுங்க.”

பிரமதண்டு விதை. அதுவும் கடுகைப் போல மஞ்சளாகப் பூக்கிற செடிதான், ஆனால் உடம்பெல்லாம் முள். அந்த எண்ணெய் உடம்பில் சேர்ந்தால் கால் வீங்கி, மூச்சு முட்டி, ஆளே போய்விடலாம்.

சிவக்கொழுந்து ஓடினார். இலை இலையாகக் குனிந்து அப்பளத்தைப் பொறுக்கினார். வாய்க்குக் கொண்டுபோன ஒரு குழந்தையின் கையிலிருந்து பிடுங்கினார். குழந்தை வீறிட்டது. யாராவது தின்றிருந்தால் என்ற பயம் அவரை நிற்கவிடவில்லை. பொறுக்கியதை எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றும் குறையவில்லை.

திரும்பி வந்தவர், கடுகுப் பூவுக்கு நாலு இதழ், ஆறு மகரந்தத்தாள், அதில் இரண்டு குட்டை, எண்ணிப் பார்த்துத்தான் பறித்தேன் என்று மூச்சு வாங்கச் சொன்னார். குரு அவரை மறித்துப் பேசவில்லை. கூடப் பறிக்கப் போன வீராயியைக் கூப்பிட்டு, சரிவில் என்ன நடந்தது என்று கேட்டார்.

வீராயி சிவக்கொழுந்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். “மேட்டுப் பக்கம் பூவெல்லாம் உதுந்து, செடி காஞ்சு சாஞ்சு கெடந்துச்சும்மா. அள்ளும்போது முள்ளு குத்துச்சு. கடுகுல ஏது முள்ளுன்னு கேட்டேன்.”

“ஐயா என்ன சொன்னாங்க?”

“காட்டுக்கடுகுக்குச் சொணை கொஞ்சம் கூட இருக்கும்னாங்க. படிச்சவங்களாச்சேன்னு நானும் விட்டுட்டேன்.”

எண்ணெயைக் குழி வெட்டிக் கொட்டினார்கள். முந்நூறு பேரும் தாளிக்காத குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, உப்புச் சப்பில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

சாயங்காலம் சிவக்கொழுந்து குருவின் முன் வந்து நின்றார். அவமானத்தில் முகம் கறுத்திருந்தது.

“அம்மா, நான் படிச்சதெல்லாம் போதலை. தப்பவே தப்பாத அடையாளம் ஒண்ணு சொல்லிக் கொடுங்க.”

குரு அவரை உட்காரச் சொன்னார்.

“வீராயி கையில முள்ளு குத்துச்சே, உங்க கையில குத்தலையா ஐயா?”

சிவக்கொழுந்து தன் விரல் நுனியைத் தடவிப் பார்த்தார்.

“அவளுக்கு முன்னாடியே குத்துச்சும்மா.”

“அதைவிட நல்ல அடையாளம் எங்கிட்ட இல்லை” என்றார் குரு.