சத்திரத்துக் கதவு

ஆலடிவிலக்கு மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தாறு.

சீடரின் பெயர் அணைஞ்சபெருமாள். பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். மடத்துக்கு வந்து ஏழு வருடமாகியும் அவருக்குள்ளிருந்த ஓவர்சீயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. தியானத்துக்கு உட்கார்ந்தால்கூட எதிர்ச்சுவர் தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கண்ணை மூடுவார். குருவும் அவரை "ஓவர்சீயர்" என்றே கூப்பிடுவார்.

ஒரு திங்கட்கிழமை முற்பகல், குரு சமையல்கட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஓவர்சீயர் வந்து எதிரில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சாமி, புதன்கிழமை தாசில்தார் வர்றாரு."

"வரட்டும்."

"சத்திரத்தை இடிச்சிருவாங்க."

குரு கீரைக்காம்பை ஓரமாகப் போட்டார். "நல்லாத்தானே எடுத்துக் கட்டுனீங்க?"

"நல்லாத்தான் கட்டுனேன். ஆள்தான் வரல. ஏன் வரலைன்னு எனக்குப் புரியல, சாமி."

அவர் கலங்கியதில் நியாயம் இருந்தது. அந்தச் சத்திரம் பழைய சாலையில், ஊருக்கு நடுவில் இருக்கிறது. யாரோ ஒரு வியாபாரி இருநூறு வருடத்துக்கு முன்பு, நடந்து போகிறவர்கள் தங்கிப் போகட்டும் என்று கட்டி வைத்தது. இரண்டு மைல் தள்ளி நாலுவழிச்சாலை வந்ததும் பஸ்ஸெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஊரில் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. சத்திரத்தின் தெற்கு மூலையில் கூரை இறங்கியது. இடித்துத் தள்ளிவிட்டு லாரி நிறுத்துமிடம் ஆக்கலாம் என்று தாலுகா ஆபீசில் முடிவு பண்ணினார்கள்.

ஓவர்சீயர் ஆபீஸ் வாசலில் தவம் கிடந்தார். இரண்டு வருடம் தவணை கிடைத்தது. ஊர்ச்சனம் புழங்குகிற இடமாக ஆக்கிக் காட்ட வேண்டும். புழங்கினால் ஊருக்கே விட்டுவிடுவோம், இல்லையென்றால் இடிப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த இரண்டு வருடமும் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து, பழைய சாந்து எப்படி இருந்ததோ அப்படியே பூசினார். உளுத்துப்போன இரண்டு உத்திரங்களுக்குப் பதிலாக அதே வயதுள்ள பனையைத் தேடி மூன்று தாலுகா அலைந்தார். கடைசியில் சத்திரம் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. ஆனால் உள்ளே ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"ஒருத்தருமா கேட்டு வரல?" என்றார் குரு.

"வந்தாங்க. பீடி சுத்துற பொம்பளைங்க வந்தாங்க. புகையிலைத் தூள் எறங்குனா தரை கறுத்துரும். வேண்டாம்னுட்டேன்."

"வேற?"

"திருச்செந்தூருக்கு நடந்து போறவங்க ஒரு முப்பது பேரு. படுக்க எடம் கேட்டாங்க. அம்புட்டும் எண்ணெய்த்தலை, சாமி. சுவர்ல சாஞ்சா என்னத்துக்கு ஆகும்?"

"வேற?"

"ஆட்டுக்கு ஊசி போடுற முகாம் நடத்தணும்னாங்க. அது ஆடு, சாமி."

"ஆமா, ஆடுதான்" என்றார் குரு.

"நானும் சும்மா இருக்கல. படிப்பகம்னு போர்டு எழுதி வச்சேன். ரெண்டு பேப்பர் வாங்கிப் போட்டேன். நான் ஒருத்தன்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன்."

குரு கீரையை உள்ளே கொடுத்துவிட்டு வந்தார். மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நடங்க. பார்ப்போம்."

சத்திரத்துக்கு எதிரே மூடிக்கிடந்த சைக்கிள் கடையின் தகரக் கூரைக்கடியில் ஒன்பது பெண்கள் மடியில் சொளவு முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில் அவர்கள் முழங்கால்வரை வந்திருந்தது. அதில் மூத்தவள் பேச்சிக்கனி. குருவைப் பார்த்ததும் எழுந்தாள்.

"இருக்கட்டும்மா, உக்காருங்க. முன்னால எங்க உக்காந்து சுத்துவீங்க?"

"அந்தா, சத்திரத்துலதான் சாமி. இருவது வருசம். மழை பேஞ்சா தெக்கு மூலையில ஒழுவும். வடக்க தள்ளி உக்காந்துக்கிடுவோம்."

"சும்மா உக்காருவீங்களா?"

"சும்மா எங்க? வந்ததும் பெருக்குவோம். சொவத்துல அரசங்கன்னு கிளம்பியிருந்தா புடுங்கிப் போடுவோம். விட்டா அது கட்டடத்தையே தின்னுருமே."

ஓவர்சீயர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். வேலையை ஆரம்பித்த அன்று அவர் வியந்த விஷயம் அது. இத்தனை பழைய கட்டடத்தில் ஓர் அரசவேர்கூட உள்ளே இறங்கவில்லையே, அந்தக் காலத்துச் சாந்தின் மகிமைதான் என்று மடத்தில் எல்லாரிடமும் சொல்லி மாய்ந்து போயிருந்தார்.

"இப்ப ஏன் அங்க போகலை?" என்று குரு கேட்டார்.

பேச்சிக்கனி ஓவர்சீயரின் இடுப்பைப் பார்த்தாள். அரைஞாணில் ஒரு பெரிய சாவி தொங்கியது.

"இப்ப சாருட்ட கேக்கணும். கேட்டோம்" என்றாள்.

பக்கத்து டீக்கடையிலிருந்து உச்சிமாகாளி குரல் கொடுத்தான். "அவுக உள்ள இருந்தவரைக்கும் நாளைக்கு மூணு தடவ டீ போவும் சாமி. இந்த வெயில்ல உக்காந்துகிட்டு எவ டீ குடிப்பா? நானும் மாசக் கடைசியில கடையைக் கட்டிருவேன்."

குரு சத்திரத்தின் பக்கம் நடந்தார்.

கதவில் திண்டுக்கல் பூட்டு தொங்கியது. பெரிய தேங்காய் அளவுக்கு இருந்தது. பக்கத்தில் ஒரு பலகை: காலணி அணியாதீர், சுவரில் சாயாதீர், சத்தம் போடாதீர். ஓவர்சீயர் சாவியைப் போட்டுத் திறந்தார்.

குரு உள்ளே போய்த் தூணைத் தொட்டுப் பார்த்தார். தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"எல்லாம் இருந்தபடியா?"

"இம்மி பிசகல, சாமி." அந்த நிலைமையிலும் அவருக்குக் குரல் நிமிர்ந்தது. "எனக்குத் தோணுனபடி ஒண்ணுகூடச் செய்யல. எது எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிருக்கேன்."

"கதவு?"

"அதே கதவுதான். இந்தாப் பாருங்க, கணையமரம்." கதவை உட்புறமாகச் சாத்தி, சுவருக்குள் ஒளிந்திருந்த நீண்ட தேக்குக் கட்டையை இழுத்தார். அது வழுக்கிக்கொண்டு வந்து, கதவின் குறுக்கே படுத்து, எதிர்ச்சுவரின் குழிக்குள் போய் உட்கார்ந்தது. "யானை வந்து முட்டுனாலும் திறக்காது. கட்டுனவன் லேசுப்பட்டவன் இல்ல, சாமி."

"அருமையா இருக்கு" என்றார் குரு. மரத்தை மறுபடி சுவருக்குள் தள்ளிக் கதவைத் திறந்து, வெளியே தொங்கிய பூட்டைத் தொட்டார். "இது?"

"அது நான் போட்டது."

"முன்னால பூட்டு எங்க இருந்துச்சு?"

"வெளிய பூட்டே இல்ல, சாமி. நிலையை அங்குலம் அங்குலமாத் தடவிப் பார்த்தேன். வளையம் இருந்த தடம் இல்ல, ஆணி அடிச்ச ஓட்டை இல்ல. மறந்துட்டான் போல."

குரு தூணையும் உத்திரத்தையும் மறுபடி நிதானமாகப் பார்த்தார்.

"இம்புட்டையும் யோசிச்சுக் கட்டுனவன், இதை மட்டும் மறந்துட்டான்."

ஓவர்சீயர் கதவு நிலையை மறுபடி விரலால் தடவிப் பார்த்தார்.

"இருந்தபடியே வச்சிருக்கேன்னு சொன்னீங்களே" என்றார் குரு.

ஓவர்சீயர் போய்த் தன் கருவிப்பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்து வந்தார். நாலு திருகாணி. அவர் முறுக்கினது என்பதால் ஒவ்வொன்றும் சிரமப்பட்டுத்தான் வெளியே வந்தது. கொண்டியும் பூட்டும் கையோடு வந்தன. அறிவிப்புப் பலகையை அவராகவே கழற்றினார். அதை யாரும் சொல்லவில்லை.

நிமிர்ந்தபோது வாசலில் பேச்சிக்கனி சொளவோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்ற எட்டுப் பேர்.

"உள்ள வரலாமா, சார்?"

இருபது வருடம் யாரையும் கேட்காமல் வந்து போனவள். ஓவர்சீயருக்கு வெட்கமாகிவிட்டது. அறுபத்தாறு வயதில் அப்படி ஒரு வெட்கத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒதுங்கி வழி விட்டார்.

அவர்கள் நேராக வடக்குப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். தெற்கு மூலை இப்போது ஒழுகாது என்று சொல்ல வாயெடுத்தார் ஓவர்சீயர், சொல்லாமல் விட்டுவிட்டார். ஒருத்தி தூணில் சாய்ந்தாள். இன்னொருத்தி இலையை நறுக்கத் தொடங்கினாள். பேச்சிக்கனி வாசலைப் பார்த்து, "மாகாளி, ஒம்பது டீ!" என்று கத்தினாள். சத்திரமே அதிர்ந்தது.

முதல் புகையிலைத் தூள் தரையில் விழுந்தது. ஓவர்சீயரின் கண் அங்கே ஓடியது. பார்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்து குருவின் பக்கத்தில் நின்றார். பூட்டு அவர் கையிலேயே இருந்தது.

"சாமி, ஒண்ணு மட்டும் கேக்குறேன்."

"கேளுங்க."

"புதன்கிழமை அவர் வந்து பார்ப்பாரு, சரி. அதுக்குப் பொறவும் இந்தக் கட்டடம் நிக்கணும்ல. வெளிய பூட்டு இல்லேன்னா இந்தக் கதவை எப்படித்தான் அடைக்கிறது?"

குரு சுவருக்குள் கிடந்த கணையமரத்தின் நுனியை விரலால் தொட்டார்.

"உள்ள ஆள் இருந்தா அடைக்கலாம், ஓவர்சீயர்."