புள்ளடிக்குப் பிறகு

அருளம்பலம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிங்களத்தில் கேட்ட கேள்வியைத் தமிழில் சொல்வார். தமிழில் வந்த பதிலைச் சிங்களத்தில் சொல்வார். அழுதுகொண்டு ஒரு தாய் சொன்னதையும், அவளுடைய மகனைக் கொன்றவன் சொன்னதையும் ஒரே குரலில் சொல்லிப் பழகியவர். எந்தப் பக்கமும் சாயாத மனிதர் என்று ஊரில் பேர். அந்தப் பேரில் அவருக்கும் ஒரு பெருமை இருந்தது.

எந்தக் கட்சியிலும் அவர் இல்லை. தேர்தல் நாளில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, வாக்குச் சாவடிக்குப் போவார். மறைப்புக்குள் நின்று வாக்குச் சீட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, செல்லாததாக்கி, மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வருவார். இதை மனைவிக்கும் சொன்னதில்லை.

அந்த ஜனாதிபதித் தேர்தலில் மட்டும் அப்படிச் செய்ய முடியாமல் போனது. தங்கை பரமேஸ்வரி தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் பாலையடிக்குளத்தில் இருக்கிறாள். வயல் ஊர். கணவன் போரில் போய்விட்டான். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது ஊரின் வயல்களில் பாதிதான் அவர்களுக்குக் கிடைத்தது. மற்றப் பாதியை அரசாங்கம் வைத்திருந்தது.

"அண்ணா, எங்கட ஒழுங்கைச் சனம் முழுக்க உங்களைக் கேட்கச் சொல்லி நிக்குது. ஆருக்குப் போடுறது?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

யோசித்தார். வெல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். முதலாமவர் வந்து பேசிய கூட்டத்துக்கு அருளம்பலம் போயிருந்தார். பாலையடிக்குளத்து வயல்கள் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று மேடையில் நின்ற மொழிபெயர்ப்பாளர் சொன்னார். சனம் கை தட்டியது. சில நாள் கழித்து அதே வேட்பாளர் தெற்கில் பேசியதைத் தொலைக்காட்சியில் கேட்டார். சிங்களப் பேச்சில் வயல்கள் இல்லை. யாருக்கும் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பது இருந்தது.

இரண்டாமவர் அப்படி இல்லை. இரண்டு மொழியிலும் ஒன்றையே சொன்னார். போரில் நடந்ததெல்லாம் சரி, இனிக் கேட்க எதுவும் இல்லை.

மூன்றாவதாக ஒரு தமிழர் நின்றார். நல்ல மனிதர். தான் வெல்லப் போவதில்லை என்று தானே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பு வரிசை போடலாம் என்பது சட்டம். அருளம்பலத்துக்கு மூன்று போட ஆள் இருந்தது. ஒன்று போட ஆள் இல்லை.

அவர் மடத்துக்குப் போனார்.

மடம் புன்னைமுனைக் கடற்கரையில் இருந்தது. கனகாம்பிகை அம்மா அதை நடத்தினார். பாத யாத்திரை போகிறவர்களுக்குச் சோறு போடுகிற மடம். அம்மா முன்பு ஆசுபத்திரியில் தாதியாக இருந்தவர். அருளம்பலத்தைவிட வயது குறைவு. ஆனாலும் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் அம்மாவிடம் வந்துபோனார். விறகு கொத்துவார், கிணறு இறைப்பார். ஏதாவது கேட்பார். அம்மா அதிகம் பேசுவதில்லை.

அவர் போன அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானப் பூசை முடிந்திருந்தது. அம்மா குடையோடு வாசற் படலையடியில் நின்றார். வெள்ளிகளில் அம்மா பின்னேரம் மடத்தில் இருப்பதில்லை என்று அருளம்பலத்துக்குத் தெரியும். எங்கே போகிறார் என்று கேட்டதில்லை.

"நடந்துகொண்டு கதைப்பம், வாங்கோ," என்றார் அம்மா.

கரையோரம் நடந்தார்கள். அருளம்பலம் எல்லாவற்றையும் சொன்னார். ஒருவர் பொய்யர், ஒருவர் இரக்கமில்லாதவர், ஒருவர் தோற்கப் போகிறவர் என்றார். இத்தனை காலமும் தான் கோடு இழுத்து வந்ததையும் சொன்னார். அதை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னபோது அவருக்கே குரல் ஒரு மாதிரி இருந்தது.

அம்மா கேட்டுக்கொண்டு நடந்தார்.

சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் ஒரு கம்பி வேலி குறுக்கே வந்தது. அதற்குள்ளே ஒரு பெரிய ஹோட்டல். முன்பு அங்கே வாடிகள் இருந்தன. மீன்பிடிக்கிறவர்கள் வலை வைத்து, கருவாடு காயப்போட்ட இடம். போன ஜனாதிபதியின் காலத்தில் அந்தக் கரை ஒரு கம்பெனிக்குப் போனது. வேலிக்கு வெளியே மணலில், கரையைத் திரும்பக் கேட்டு, சில பெண்கள் இருந்தார்கள். தலைக்கு மேல் ஒரு படங்கு கட்டியிருந்தது. காவற்காரன் வேலிக்கு உள்ளே கதிரையில் இருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கத்துக்கும் பழகிப்போயிருந்தது.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு போய் இருந்தார். ஒருவரும் எழும்பவில்லை. ஒருத்தி வெறும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

அருளம்பலம் கொஞ்சம் தள்ளி நின்றார். தேத்தண்ணீரை நீட்டியவளின் பெயர் செபமாலை. வாடி இருந்த காலத்தில் அவளுடைய வீடு வேலிக்கு உள்ளே இருந்தது.

அம்மாவுக்கும் இங்கே காணி இருந்ததா என்று அவர் அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

செபமாலை அம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். அம்மாவுக்கு இங்கே ஒரு பிடி மண்ணும் இல்லை. வேலி போட்ட கிழமை அம்மா தனியாக நடந்து வந்தார். கரையைக் கொடுத்த ஜனாதிபதிக்குத்தான் தான் வாக்குப் போட்டதாக எல்லாருக்கும் முன்னால் சொன்னார். சொல்லிவிட்டு மணலில் இருந்தார். செபமாலையின் மாமி எழும்பி வந்து, மீன் கழுவின தண்ணீரை அம்மாவின் தலையில் ஊற்றினாள்.

"அடுத்த வெள்ளியும் வந்தவ," என்றாள் செபமாலை. "அதுக்குப் பிறகு ஒருத்தரும் ஊத்தேல்லை. மாமி சாகேக்க அம்மாதான் பக்கத்தில இருந்தவ."

பொழுது சாய்ந்ததும் பெண்கள் எழும்பினார்கள். கடலுக்குப் போக ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் வேலியோரம் ஒரு பாதை இருந்தது. இவர்கள் இருந்து இருந்து கடைசியில் கம்பெனி விட்டது அவ்வளவுதான். அந்தப் பாதையால் அவர்கள் போனார்கள்.

திரும்பி நடக்கும்போது அருளம்பலம் கேட்டார்.

"அந்தத் தேர்தலில மற்றவருக்குப் போட்டிருந்தா இந்த வேலி வந்திராதுதானே, அம்மா?"

"வந்திராது. வேற எங்கையோ வேற வேலி வந்திருக்கும்."

"அப்ப ஆருக்குப் போட்டாலும் ஒண்டுதானோ?"

"இல்லை," என்றார் அம்மா. "ஒண்டில்லை."

சவுக்குகள் இரைந்தன. தோப்பு முடிகிற இடத்தில் அம்மா நின்று, காலில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"ஆரின்ர வாசலில போய் இருந்து கேட்கலாம் எண்டதைத்தான் நான் பார்க்கிறனான். அதிலையும் எனக்குப் பிழைச்சிருக்கு."

"வருத்தப்படுறீங்களோ?"

"ஓம்," என்றார் அம்மா. குடையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்து அருளம்பலம் நெடுநேரம் யோசித்தார். யாருடைய வாசலில் போய் இருந்து கேட்கலாம்? இரண்டாமவரிடம் கேட்க எதுவும் இல்லை. அவர் எதையும் தருவதாகச் சொல்லவில்லை. முதலாமவர் பொய்யர்தான். ஆனாலும் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார். பொய்யாகக் கொடுத்த வாக்கு என்றாலும் பிடித்துக் கேட்க அதில் ஒரு நுனி இருக்கிறது. நீதிமன்றத்தில் எத்தனையோ பொய்ச் சாட்சிகளை வழக்கறிஞர்கள் அந்த நுனியில் பிடித்து இழுத்ததை அவர் கண்டிருக்கிறார்.

பரமேஸ்வரியைக் கூப்பிட்டு முதலாமவரின் பெயரைச் சொன்னார். இருபது வருசத்துக்கு மேல் மற்றவர்களின் சொல்லையே சொன்ன வாய்க்கு, சொந்தச் சொல் பாரமாக இருந்தது.

"நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும், அண்ணா," என்றாள் அவள்.

தேர்தல் நாளில் அவர் குளித்து, வேட்டி கட்டிப் போனார். மறைப்புக்குள் பென்சிலை எடுத்தபோது பழக்கத்தில் கை கோடு இழுக்கப் போனது. நிறுத்தி, முதலாமவரின் பெயருக்கு நேரே புள்ளடி போட்டார்.

அவர் போட்டவர் வென்றார். பாலையடிக்குளத்தில் வெடி கொளுத்தினார்கள் என்று பரமேஸ்வரி சொன்னாள்.

அடுத்த மாரி தொடங்குவதற்கு முன்பு அந்த ஊருக்கு இயந்திரங்கள் வந்தன. அரசாங்கம் வைத்திருந்த பாதி வயல் திரும்பி வரவில்லை. ஊரார் விதைத்துவந்த பாதியும் சேர்ந்து, கரும்புத் தோட்டம் போட ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. பரமேஸ்வரியின் வயல் வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. முதலில் அதைத்தான் உழுதார்கள்.

அவள் தொலைபேசியில் சொன்னபோது அழவில்லை. அவரை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. ஒழுங்கைச் சனம் ரோட்டோரத்தில் படங்கு கட்டி இருக்கிறது, நானும் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். அவர் ஏதோ முனகினார். பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் மனைவியிடம் தொலைபேசியைக் கொடுத்தார்.

ஒரு நாள் வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் பாலையடிக்குளத்தால்தான் போனது. பஸ் வளைவில் திரும்பியதும் நீலப் படங்கு தெரிந்தது. அதன் கீழே பரமேஸ்வரி கால் நீட்டி இருந்தாள். மெலிந்திருந்தாள். பக்கத்தில் இருந்த கிழவிக்கு மட்டை ஒன்றால் விசிறிக்கொண்டிருந்தாள். யாரும் இறங்குகிறீர்களா என்று நடத்துநர் கேட்டார். அருளம்பலம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் உழுத வயல் இருந்தது.

அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி கேட்டாள், வயிறு சரியில்லை என்றார். ஒரு காலையில் எழுந்து மடத்துக்குப் போனார்.

அம்மா குசினியில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அருளம்பலம் வாசற்படியில் இருந்தார். வயல் போனதையும், தன் சொல்லைக் கேட்டு ஒரு ஒழுங்கையே வாக்குப் போட்டதையும் சொன்னார். தங்கை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், அவள் ஏசாததுதான் தாங்க முடியவில்லை என்றார்.

அம்மா கையை நிறுத்தாமல் கேட்டார்.

"நான் கோடு இழுத்திருக்க வேணும், அம்மா."

"இழுத்திருந்தா?"

அவர் அதை யோசித்தார். அம்மாவிடம் பொய் சொல்ல அவருக்கு வராது.

"வயல் எப்பிடியும் போயிருக்கும். ஆனா என்னாலதான் போச்சு எண்டு இருந்திராது."

அம்மா மூடியைத் தட்டில் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் வந்து இருந்தார்.

"பரமேஸ்வரியைப் போய்ப் பார்த்தனீங்களோ?"

"பஸ்ஸில போகேக்க கண்டனான். ரோட்டோரத்தில இருக்கிறாள்."

"இறங்கினனீங்களோ?"

அருளம்பலம் தலை குனிந்தார். அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. அம்மா எழும்பி அதைச் சரிசெய்யவில்லை. அவர் பதில் சொல்லும்வரை இருந்தார்.

"இல்லை, அம்மா."

"அப்ப நீங்கள் இன்னும் வாக்குப் போட்டு முடிக்கேல்லை, அருளம்பலம்," என்றார் அம்மா.