காத்தமுத்து கொடுத்த புகார்

இளநீர் விற்கும் காத்தமுத்து, கார் மோதிக் கால் முறிந்து அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தான். புகார் எழுதப் பெண் ஏட்டு ஒருவர் வந்து உட்கார்ந்ததும், காண்ட்ராக்டர் தில்லைநாயகம் ஆப்பிள் பையோடு நுழைந்தார்.

“தானா விழுந்துட்டு என் கார்மேல பழி போடாதே. அது அன்னைக்கு ஷெட்டை விட்டே கிளம்பல,” என்று அதட்டினார்.

இடிக்காத மனுஷன் எதற்கு ஆப்பிள் வாங்கி வருகிறார் என்று காத்தமுத்துவுக்குச் சந்தேகம் தட்டியது.

“உங்க கார் இல்லீங்கய்யா,” என்றான் பணிவாக. “என்னை இடிச்சவனுக்கு வண்டியே ஓட்டத் தெரியல. ஹாரன்கூட அடிக்கத் தெரியாத முட்டாப்பய.”

தில்லைநாயகத்துக்கு முகம் சிவந்துவிட்டது. “யாருடா முட்டாள்? முக்கு திரும்பும்போதே விடாம அடிச்சேன். உனக்குத்தான் காது கேக்கல!”

ஏட்டம்மா மெல்ல நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“ஐயா ஹாரன் அடிச்சது நிஜந்தாங்கம்மா,” என்றான் காத்தமுத்து. “அதையும் என் புகார்ல சேர்த்து எழுதிக்குங்க.”